காட்டத் தெரிந்தவர்களைத் தேடி

சென்னை சென்ட்ரலில் ஏறினால் நவஜீவன் எக்ஸ்பிரஸ் விஜயவாடா, வாரங்கல், பூசாவல், சூரத் என்று பாதி இந்தியாவைச் சுற்றிக்காட்டிவிட்டு மறுநாள் வதோதராவில் இறக்கிவிடும். பரோடா என்றால்தான் நம் ஊரில் பலருக்குப் பிடிபடும். அருங்காட்சியகத்திலும் பழைய கோயிலிலும் நின்று, வருகிறவர்களுக்கு அங்குள்ளதை எடுத்துச் சொல்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் இடங்களைத் தேடித்தான் கிளம்பியிருந்தேன். “அதுக்கெல்லாம் படிப்பு இருக்கா சார்?” என்று கேட்டார் எதிர் இருக்கையில் இருந்த திருப்பூர்க்காரர். பனியன் வியாபாரம். சூரத்தில் அவருக்கு வேலை. இருக்கிறது. அருங்காட்சியகவியலைத் தனித் துறையாக வைத்து இந்தியாவில் முதன்முதலில் பாடம் நடத்திய பல்கலைக்கழகம் பரோடாவில்தான் இருக்கிறது. அந்தத் துறை தொடங்கியது 1952-இல்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆசிரியன். விடுமுறை நாட்களில் பிள்ளைகளைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போவது வழக்கம். அங்கே எந்த நாளில் போய் நின்றாலும் காதில் விழும் ஒரு வாசகம் உண்டு: இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது. பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே காலுக்குக் கீழே பார்ப்பார்கள். சாயங்கால வெயிலில் விமானத்தின் நிழல் முற்றத்துச் செங்கல் தரையில் நீளமாகக் கிடக்கும். பார்ப்பதை நம்புவதா, சொல்வதை நம்புவதா என்று தெரியாமல் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அதே கோயிலில் இராசராசன் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்காக அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் கணக்கைச் சொல்கிறது. ஒவ்வொருத்தியின் பெயரும் இருக்கிறது. எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுடையது என்று இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்றும் இருக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தெருவை வீடு வீடாக நடந்து பார்க்கும் அளவுக்கு ஆவணம் வைத்திருக்கிறோம். திருவாரூரிலிருந்து வந்த மாணவியிடம், “உன் ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வீட்டு எண் இந்தக் கோயிலில் பதிந்திருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். அவள் அந்தக் கல்லை விட்டு நகர மாட்டாள். இதைச் சொல்வதை விட்டுவிட்டு, இல்லாத ஒரு நிழல் அதிசயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். இதை மாற்றத் தெரிந்தவர்களைத் தேடித்தான் இந்தப் பயணம்.

தேடலை எழும்பூரில் தொடங்கியிருந்தேன். 1851-இல் உருவான சென்னை அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். விலங்குக் காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. பாடம் செய்த உயிரினங்களும் எலும்புக்கூடுகளும் இருக்கும் இடம் செத்த காலேஜ். எழுத்தறியாத மக்கள் அதைக் காலேஜ் என்று அழைத்தார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். அங்கே போனால் ஏதோ கற்றுக்கொள்ளலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செப்புத் திருமேனிகளை அரிப்பிலிருந்து காப்பாற்றுவதற்கான வேதியியல் ஆய்வகம் 1930-களிலேயே அங்கே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன் நிற்கும் கிராமத்து அம்மாவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதற்கும் அதே அளவு அக்கறையோடு ஒரு பயிற்சி தமிழ்நாட்டில் தமிழில் நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டு பல படிகள் ஏறி இறங்கினேன். கல்வெட்டு படிக்கப் பயிற்சி உண்டு, தொல்லியல் பட்டயம் உண்டு, சுற்றுலா வழிகாட்டிகளுக்கு மத்திய சுற்றுலாத் துறையின் இணையவழிச் சான்றிதழ் உண்டு. எல்லாமே தேவையானவை. நான் கேட்டது மட்டும் அவற்றில் ஒரு ஓரப் பாடமாகத்தான் இருந்தது.

ரயிலில் நான் படித்துக்கொண்டிருந்தது ஃப்ரீமன் டில்டன் எழுதிய புத்தகம். அமெரிக்கப் பத்திரிகையாளர், நாவலாசிரியர். நாவல் எழுதி அலுத்தபின் அந்நாட்டு தேசியப் பூங்காக்களில் ஊர் ஊராகத் திரிந்து, அங்கே வழிகாட்டிகள் பேசுவதைக் கேட்டு, 1957-இல் சின்னதாக ஒரு நூல் எழுதினார். இந்தத் துறையில் இன்றுவரை அதைத் தொடாமல் யாரும் படிப்பை முடிப்பதில்லை. அவர் சொன்ன ஆறு கொள்கைகளில் இரண்டு எனக்கு மனப்பாடம். பார்க்கிறவரின் வாழ்க்கையோடு ஒட்டாத விளக்கம் மலட்டு விளக்கம் என்பது ஒன்று. தகவலைக் கொட்டுவது விளக்கம் ஆகாது என்பது மற்றொன்று. பிள்ளைகளுக்குச் சொல்வது பெரியவர்களுக்குச் சொல்வதன் நீர்த்த வடிவமாக இருக்கக் கூடாது, அதற்கு வேறு அணுகுமுறையே வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். வகுப்பறையில் நிற்கிற எவருக்கும் அந்த வரி சுருக்கென்று படும்.

வதோதராவில் இறங்கி நேராக சயாஜி பாக் போனேன். உள்ளூர்க்காரர்கள் கமாட்டி பாக் என்கிறார்கள். மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் மன்னர் 1894-இல் நிறுவிய அருங்காட்சியகம் அந்தத் தோட்டத்துக்குள் இருக்கிறது. கட்டடத்தைப் பார்த்ததும் எங்கோ பார்த்த முகம் என்று தோன்றியது. தோன்றியதில் காரணம் இருந்தது: அதை வடிவமைத்ததில் பங்குள்ள ராபர்ட் சிஷோம்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டியவர், மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்த்தவரும் அவரே. சயாஜிராவ் தம் சமஸ்தானத்தில் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தவர். அமெரிக்காவிலிருந்து நூலக வல்லுநரை வரவழைத்து ஊர் ஊராகப் புத்தகப் பெட்டிகள் போய்வர ஏற்பாடு செய்தவர். அருங்காட்சியகமும் அவருக்கு அந்த வரிசையில் ஒரு பள்ளிக்கூடம்தான்.

உள்ளே ஒரு நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. மஹி ஆற்று முகத்துவாரத்தில் ஒதுங்கியது. ஓர் எகிப்திய மம்மி இருக்கிறது. இன்னொரு பக்கம் அகோட்டா வெண்கலங்கள். 1951-இல் ஊருக்கு வெளியே மண்ணிலிருந்து கிடைத்த சமணச் சிற்பங்கள், அவற்றில் மூத்தவை ஐந்தாம் நூற்றாண்டைத் தொடுபவை. இந்தியக் கலை வரலாற்றில் அவற்றுக்கு உள்ள மதிப்பு மிகப் பெரியது. ஆனால் கூட்டம் எங்கே நிற்கும் என்று சொல்லவே வேண்டாம். திமிங்கலத்துக்குக் கீழே குழந்தைகள் அண்ணாந்து நிற்கிறார்கள். வெண்கலங்களின் முன்னால் ஜனம் நடந்துகொண்டே பார்க்கிறது.

அங்கே தூண் ஓரமாக ஒரு பெண் கையில் சின்ன நோட்டும் கைக்கடிகாரமுமாக நின்றிருந்தார். அருங்காட்சியகவியல் மாணவி. என்ன எழுதுகிறார் என்று கேட்டேன். காட்டினார். கூடத்தின் வரைபடம், அதில் பென்சில் கோடுகள். ஒரு குடும்பம் எந்த வாசலில் நுழைந்து எங்கே திரும்பி எங்கே நின்றது, எத்தனை விநாடி நின்றது, யார் யாரிடம் கைகாட்டிப் பேசினார்கள், விளக்க அட்டையைப் படித்தார்களா, படித்ததை வாய்விட்டுச் சொன்னார்களா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பார்வையாளர் ஆய்வின் அடிப்படை வேலை இது. அமெரிக்காவில் பெவர்லி செர்ரல் இதே முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளை ஆராய்ந்து, கூடம் பெரிதோ சிறிதோ, மக்கள் பொதுவாக ஒரு கண்காட்சியில் இருபது நிமிடத்துக்கும் குறைவாகவே செலவிடுகிறார்கள் என்று கண்டார். இருபது நிமிடம்! நாம் சுவரில் ஒட்டுகிற விளக்கங்களையெல்லாம் படிக்க அரை நாள் ஆகும்.

அந்த மாணவி ஒரு பயிற்சியையும் எனக்குச் செய்துகாட்டினார். ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் நூறு சொல்லில் விளக்கம், பிறகு ஐம்பது, பிறகு இருபத்தைந்து. ஒவ்வொரு முறையும் அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது எதுவோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்ட வேண்டும். சாமரம் ஏந்திய வெண்கலப் பெண்ணுக்கு அவர் எழுதியிருந்த கடைசி வடிவம், பார்ப்பவரின் கண்ணை அவளுடைய இடுப்பின் வளைவுக்கும் ஆடையின் மடிப்புக்கும் கொண்டுபோனது. நூற்றாண்டும் உலோகமும் அடியில் சின்ன எழுத்தில். நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழ். நூற்றாண்டும் உலோகமும்தான் பெரிய எழுத்தில் இருக்கும், மீதியைப் பார்க்கிறவர் தலையெழுத்துக்கு விட்டுவிடுவோம்.

மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் அந்தத் துறை இருக்கிறது. மரங்களும் முற்றங்களும் பாதி முடிந்த சிற்பங்களுமான வளாகம். அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் ஹெர்மன் கோட்ஸ் இந்தத் துறை உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். கே.ஜி. சுப்ரமணியன் ஓவியம் கற்பித்த புலமும் இதுவே. அவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். இரண்டாண்டு முதுகலையில் பொருள்களைப் பதிவேட்டில் ஏற்றுவது, பாதுகாப்பது, காட்சிக்கு வைப்பது, கல்விப் பணி எல்லாம் வருகின்றன. அதே போன்ற துறை கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் உண்டு. டில்லியில் தேசிய அருங்காட்சியகத்தோடு 1989-இல் தொடங்கி இப்போது நொய்டாவுக்கு இடம்மாறி இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்று பெயர் பெற்றிருக்கும் நிறுவனத்தில் உண்டு. மும்பையில் சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகமே பட்டயப் படிப்பு நடத்துகிறது. கடல் கடந்து போக வசதியுள்ளவர்களுக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம் 1966 முதல் இதைக் கற்பிக்கிறது. அஞ்சல் வழியாகவும் படிக்கலாம். பணியில் இருக்கும் காப்பாட்சியர்களை லண்டனுக்கு அழைத்துப் பயிற்சி தர பிரிட்டிஷ் மியூசியம் 2006 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. பட்டம் வேண்டுமென்றால் வழிகள் உண்டு என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். இவை அனைத்தும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பவை, காப்பாட்சியரை உருவாக்குபவை. கீழடியில் டிக்கெட் கிழித்துக்கொடுத்துவிட்டுக் கூடத்துக்குள் வந்து நிற்கும் ஊர்ப் பையனுக்கு இவற்றில் இடம் இருக்கிறதா என்ற கேள்வியோடுதான் அகமதாபாத் ரயிலில் ஏறினேன்.

அகமதாபாத்தில் மணிநகர்ப் பக்கம் தமிழர்கள் நிறைய. துணி ஆலைகளில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரர்கள். நான் தங்கியதும் அப்படி ஒரு வீட்டில்தான். வீட்டுப் பெரியவர் என்னோடு காலையில் கிளம்பிவிட்டார். “இத்தனை வருசமா இந்த ஊர்ல இருக்கேன், தம்பி. அந்த நடைக்கு மட்டும் போனதே இல்ல. வாங்க, நானும் வர்றேன்.”

அகமதாபாத் மாநகராட்சியின் பாரம்பரிய நடை 1997 நவம்பர் 19 அன்று தொடங்கியது. பாதுகாப்புக் கட்டடக் கலைஞர் தேவாசிஷ் நாயக் அதன் பின்னால் இருந்தவர்களில் முதன்மையானவர். காளுப்பூர் சுவாமிநாராயணன் கோயிலில் ஆரம்பித்து ஜாமா மசூதியில் முடியும். இடையில் பழைய நகரத்தின் ‘போள்’கள். போள் என்பது ஒரே வாசல் வைத்த குடியிருப்புச் சந்து; உள்ளே ஒரு சமூகமோ ஒரு தொழிலோ சேர்ந்து வாழ்ந்த இடம். இருபது ஆண்டுகள் நாள்தோறும் நடந்தபின், 2017-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயரைப் பெற்ற முதல் நகரம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது அந்தப் பழைய நகரத்திலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். கோயிலில் சிறிய படக்காட்சி முடிந்ததும் அவர் பேசிய முதல் வார்த்தையே ஒரு வேண்டுகோள்: நாம் போகப்போவது பிறர் வீட்டு வாசல்கள், சத்தத்தைக் குறைத்துக்கொள்வோம். பிறகு ஒவ்வொரு சந்திலும் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்குப் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார். ‘பென்’ என்று பெண்களை அழைத்தார், ‘காக்கா’ என்று முதியவர்களை. காக்கா என்றால் அங்கே சித்தப்பா. அவர்களும் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அந்தச் சந்தில் நாங்கள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமாகத் தெரியவில்லை, அந்தப் பையனுடைய விருந்தாளிகளாகத் தெரிந்தோம்.

லம்பேஷ்வர் போளில் கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்த இடம். வீடு இப்போது இல்லை. முகப்பை மட்டும் எழுப்பி, திண்ணையில் கவிஞரை வெண்கலத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். பீடம் கிடையாது, கம்பி வேலி கிடையாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அவர் பக்கத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு ஷூ கயிறு கட்டுகிறார்கள். வழிகாட்டி அங்கே ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் எங்களை விட்டுவிட்டார். எங்களில் ஒருவர் போய்க் கவிஞர் பக்கத்தில் உட்கார்ந்தார். யார் இவர் என்ற கேள்வி எங்களிடமிருந்து வந்தபிறகுதான் பதில் சொன்னார்.

இன்னொரு வீட்டில் நடந்ததை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். நடு முற்றத்தில் எல்லோரையும் நிறுத்தி, எங்களோடு வந்திருந்த ஒரு சிறுமியிடம் அவர் கேட்டார்: இங்கே நாலு மாதம்தான் மழை. ஆற்றுக்குப் போய்வர தூரம். இந்த வீட்டில் முப்பது பேர் இருந்தார்கள். குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்திருப்பார்கள்? சிறுமி சுற்றிலும் பார்த்தாள். கிணறு இருக்கிறதா என்றாள். இல்லை என்றார். மேலே பார்த்தாள், கூரையிலிருந்து ஒரு குழாய் இறங்குவதைக் கண்டாள். குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்து கீழே வந்தாள். தரையில், அவள் நின்ற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு மூடி. “இதுக்குள்ளேயா?” என்றாள். மூடியைத் தூக்கினார்கள். கீழே இருட்டில் தண்ணீர். டாங்கா என்கிறார்கள், மழைநீர்த் தொட்டி. முற்றத்துக்கு அடியில் ஓர் அறை அளவுக்கு இருக்கிறது. கூரை, குழாய், தரைக்கு அடியில் தொட்டி என்று அந்த வீட்டின் முழு நீர்த்திட்டத்தையும் அந்தக் குழந்தை தானே கண்டுபிடித்தாள். அவர் சொன்னது நாலு வாக்கியம். டில்டன் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த முற்றத்தில் கண்ணால் பார்த்தேன்.

நடை முடிந்து மாணிக் சவுக்கில் தேநீர் குடிக்கும்போது, இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். கல்லூரியில் அவர் வணிகவியல் படித்தவர். மூத்த வழிகாட்டிகள் பின்னாலேயே வாரக்கணக்கில் நடந்தாராம். முதலில் பேச விடமாட்டார்கள், கூட்டத்தின் கடைசியில் வந்து யார் பின்தங்குகிறார்கள், யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரே ஒரு நிறுத்தத்தில் பேச விடுவார்கள். நடை முடிந்ததும் அதைப் பற்றி மட்டும் விவாதம். ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் போய் உட்கார்ந்து பேசி, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டு வர வேண்டும். நம் நாதஸ்வரக்காரர்கள் பிள்ளையை ஒத்து ஊதவிட்டுப் பழக்குவது போல, பின்னால் நின்று காது பழகியபிறகே வாய்க்கு அனுமதி.

பெரியவர் இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது சொன்னார்: “நல்லாத்தான் சொன்னான் தம்பி, குறையே இல்ல. ஆனா இது மதிலுக்கு உள்ள இருக்கிற ஊரு. மதிலுக்கு வெளியில மில்லு இருந்துச்சு. காலைல சங்கு ஊதுனா எங்க தெருவே எந்திரிக்கும். அப்பாவுக்கு எந்த மில்லு, சித்தப்பாவுக்கு எந்த மில்லுன்னு சங்குச் சத்தத்தை வச்சே அம்மா சொல்லும். அதை யாரு சொல்றது?”

அகமதாபாத்தில் முதல் துணி ஆலை ஓடத் தொடங்கியது 1861-இல். கிழக்கின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய ஊர். 1918-இல் ஆலைத் தொழிலாளர்களுக்காகக் காந்தி உண்ணாவிரதம் இருந்ததும் இங்கேதான். ஆலைகள் பெரும்பாலும் 1980-களில் மூடத் தொடங்கின. புகைபோக்கிகள் சில இன்னும் நிற்கின்றன. பெரியவர் மனதில் இருக்கிற சங்கொலிப் பட்டியலை யாராவது அவரிடம் உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும். நான் அன்று இரவு என் செல்பேசியில் கொஞ்சம் பதிவு செய்தேன். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

சபர்மதிக்கு முன்பே காந்தி 1915-இல் ஆசிரமம் தொடங்கியது கோச்ரப் என்ற இடத்தில். மறுநாள் அங்கே போனோம். ஒரு வாடகை பங்களா. தொடக்கத்தில் அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து பேர். அவர்களில் பதின்மூன்று பேர் தமிழர்கள் என்று காந்தி தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவிலிருந்து அவரோடு வந்த தமிழ் இளைஞர்கள் ஐந்து பேர் அதில் அடக்கம். பாதிப்பேர் தமிழர்! இதைச் சொன்னதும் பெரியவர் அந்த வராந்தாவைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. அதுவரை அவருக்கு அது பள்ளிப் புத்தகத்துக் காந்தியின் வீடு. அதன்பிறகு சமையலறை எது, எந்த அறையில் படுத்திருப்பார்கள், மோர் கிடைத்திருக்குமா என்று கேட்டுக்கொண்டே சுற்றினார். ஓர் எண்ணிக்கை, அதுவும் ஆதாரத்தோடு சொன்ன எண்ணிக்கை, இதைச் செய்தது.

மீர்சாப்பூரில் கான்ஃப்ளிக்டோரியம் என்ற சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அவ்னி சேத்தி என்ற கலைஞரின் முயற்சியில் 2013-இல் ஒரு பார்சிப் பெண்மணியின் பழைய வீட்டில் தொடங்கப்பட்டது. பொருள் அதிகம் இல்லை. மனிதர்களுக்கு இடையேயான மோதல்தான் அங்கே காட்சி. பின்னால் ஒரு மரம். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் காகிதத்தில் எழுதி அதில் கட்டிவிட்டுப் போகலாம். பல மொழிகளில் காகிதங்கள் தொங்குகின்றன. வன்முறைகளைக் கண்ட நகரம் அது. விளக்கம் சொல்லும் கலை அரசர்களின் ஆண்டுக் கணக்கோடு நிற்க வேண்டியதில்லை என்பதை அந்தச் சின்ன வீடு எனக்குக் காட்டியது.

திரும்பும் ரயிலில் நோட்டில் எழுதியதையெல்லாம் புரட்டினேன். ஐடஹோ பல்கலைக்கழகத்தில் இதை நெடுங்காலம் கற்பித்த சாம் ஹாம் ஓர் எளிய சோதனை சொல்வார்: நீங்கள் பேசப்போவது வெறும் தலைப்பா, அல்லது ஒரு முழு வாக்கியமாகச் சொல்லக்கூடிய கருத்தா? ‘கீழடிப் பானை ஓடுகள்’ என்பது தலைப்பு. ‘ஒருவர் தன் பானையில் தன் பெயரைத் தானே கீறி வைக்கும் ஊராகக் கீழடி இருந்தது’ என்பது கருத்து. கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் இருக்கின்றன. டிபன் டப்பாவின் மூடியில் பெயர் வெட்டி வைத்திருக்கும் எந்த வீட்டுக்காரருக்கும் ஆதன் யார் என்று விளக்கவே வேண்டாம். அவர் கையைப் பிடித்து அந்த ஓட்டின் முன் நிறுத்தினால் போதும்.

நிழல் கதையை என்ன செய்வது என்பதற்கும் ஒரு விடை கிடைத்தது. நினைவுச்சின்னங்களுக்கான உலக அமைப்பான இகோமாஸ் 2008-இல் கியூபெக்கில் ஏற்றுக்கொண்ட சாசனம் ஒன்று, பாரம்பரிய இடங்களில் சொல்லப்படும் விளக்கம் அறிவார்ந்த ஆதாரத்தின் மேல் நிற்க வேண்டும் என்கிறது. அதே மூச்சில் மக்களின் வாய்மொழி மரபையும் மதிக்கச் சொல்கிறது. பயிற்சியும் மதிப்பீடும் விளக்கப் பணியின் பிரிக்க முடியாத பகுதி என்பது அதன் ஏழாவது கொள்கை. ஆகவே நிழல் விழாது என்று மக்கள் சொல்லி வந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், மக்கள் அப்படிச் சொன்னார்கள் என்று சொல்லி. ஏன் அப்படிச் சொல்லத் தோன்றியிருக்கும் என்று கேட்கலாம். பிறகு சாயங்காலம் வரை காத்திருந்து நிழல் எங்கே விழுகிறது என்று சாக்கட்டியால் கோடு போட வைக்கலாம். இதை இப்போது செய்கிறோம். கோடு போட்ட கையோடு பிள்ளைகள் நூறு கலம் நெல் வாங்கியவளின் வீட்டு எண்ணைத் தேடப் போகிறார்கள்.

தமிழ்நாடு அரசு 2023-இல் கீழடியில் 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அருமையான அருங்காட்சியகம் கட்டியிருக்கிறது. ஆதிச்சநல்லூரில் அகழ்வுக் குழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே, கிடந்த இடத்திலேயே பார்க்க முடிகிறது. கட்டடத்துக்கும் கண்ணாடிக்கும் ஆன செலவில் மிகச் சிறு பங்கு போதும், அங்கே நின்று பேசுகிறவர்களுக்குத் தமிழில் முறையான பயிற்சி கொடுக்க. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொல்லியல் துறையிடம் அறிஞர்கள் இருக்கிறார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் 1996 முதல் வீடுகளையும் கைவினைஞர்களையும் வைத்து மக்களிடம் பேசிப் பழகிய அனுபவம் இருக்கிறது. இவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கிவிடலாம். அதில் பாதி நாட்கள் கூடத்துக்குள் நின்று பழகுவதாக இருக்கட்டும். மூத்தவர் பின்னால் நடப்பது, பார்வையாளரைக் கவனிப்பது, இருபத்தைந்து சொல்லில் எழுதுவது, ஆதாரத்தையும் கதையையும் பிரித்துச் சொல்வது ஆகியவை கட்டாயப் பாடமாகட்டும். கீழடி, கொந்தகை, ஆதிச்சநல்லூர், கொற்கை ஊர்களின் இளைஞர்களுக்கு முதல் இடம் கொடுங்கள். மண்ணைத் தோண்டியபோது கூடை சுமந்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். அவர்களில் சிலரையும் பேச வையுங்கள்.

அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை கோயிலிலோ அருங்காட்சியகத்திலோ யாராவது எதையாவது எடுத்துச் சொன்னால், “இது எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? எந்தக் குழியில் கிடைத்தது?” என்று மரியாதையோடு கேளுங்கள். பதில் தெரிந்தவர் என்றால் அவர் பெயரை நிர்வாகத்திடம் பாராட்டி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.